விலக்கப்பட்ட பிராணியின் வேதனை

பன்றி இறைச்சி ஹராம் என்பதில் முஸ்லிம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் சந்தேகம் கிடையாது. அல்பகரா அத்தியாயத்தின் 173-வது வசனம், அல்மாயிதாவின் 3-வது வசனம், அல்அன்ஆமின் 145-வது வசனம், அந்நஹ்லின் 115-வது வசனம் என்று திருமறையில் நான்கு இடங்களில் இந்தத் தடை வந்திருக்கிறது. இமாம்களுக்கிடையே எத்தனையோ மஸ்அலாக்களில் கருத்து வேற்றுமை உண்டு, இதில் இல்லை. அந்தப் பெயரை வாயால் சொல்லவே கூசி, “கின்ஸீர்” என்று அரபியிலே சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடும் பெரியவர்களை நம் ஊர்களில் இன்றும் காணலாம்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருப்பதனாலேயே, அதற்கு அப்பால் உள்ள ஒரு விஷயத்தை நாம் யோசிக்காமலே இருந்து வந்திருக்கிறோம். சங்கரன்கோவில் பக்கத்து இளையரசனேந்தலில் ஒரு குடும்பத்தில் எழுந்த கேள்வி நம்மை யோசிக்க வைத்தது. கரிசல் காட்டு ஊர் அது. பருத்தி, உளுந்து, சோளம் என்று மானத்தைப் பார்த்து வெள்ளாமை செய்யும் பூமி. வெள்ளாமை பொய்த்த காலங்களில் அந்தச் சுற்று வட்டாரத்துப் பெண்கள் தீப்பெட்டி ஆபீஸ் வேலையை நம்பித்தான் அடுப்பு மூட்டினார்கள். காலை முதல் மாலை வரை சம்மணமிட்டு உட்கார்ந்து கட்டை அடுக்கிய தலைமுறைக்கு முழங்கால் வலியும் விரல் வலியும் புதிதல்ல. ஆனால் இந்த வீட்டு உம்மாவுக்கு வந்தது உழைப்பினால் வரும் வலி அல்ல, முடக்குவாதம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல்களை மடக்க முடியாது. இரண்டு கையிலும் ஒரே இடத்தில் வீக்கம். பாங்கு சொன்னவுடன் எழுந்து ஒளுச் செய்யப் போனால் செம்பைத் தூக்க முடியாது.

மகன் படித்தவர். உம்மாவின் நோயைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டே போனவர், ஓரிடத்தில் திடுக்கிட்டு நின்றுவிட்டார். இந்த நோயை அறிந்துகொள்வதற்காக விஞ்ஞானிகள் பன்றிகளின் மூட்டு நோயை மாதிரியாக வைத்து வெகுகாலம் ஆராய்ச்சி செய்தார்கள் என்று அதில் இருந்தது. “அப்படியானால் உம்மா சாப்பிடும் மாத்திரை கூடுமா, கூடாதா?” என்பது அவருடைய கேள்வி.

முதலில் நடந்தது என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம்.

பன்றிகளுக்கு ஒரு காய்ச்சல் நோய் உண்டு. தோலில் செந்நிறத் தடிப்புகள் சாய்சதுரமாக எழும்பும். அதனால் பிரெஞ்சுக்காரர்கள் அதற்குச் ‘சிவப்பு நோய்’ என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். அந்த நோயைத் தருவது எரிசிபெலோத்ரிக்ஸ் என்னும் பாக்டீரியாக் கிருமி. 1882-இல் பிரான்ஸின் தென்பகுதியில் போலேன் என்ற ஊரில் இந்த நோய் பரவியபோது, லூயி பாஸ்டர் தம் சீடர் லூயி துய்லியேயுடன் அங்கே சென்று ஆராய்ந்தார். கிருமியை முயல்களின் உடலில் மாற்றி மாற்றிச் செலுத்தியபோது, பன்றியைத் தாக்கும் அதன் வீரியம் குறைந்துபோனதைக் கண்டு 1883-இல் தடுப்பூசி செய்தார்கள். துய்லியே அதே ஆண்டில் காலரா ஆராய்ச்சிக்காக எகிப்திலுள்ள அலெக்ஸாந்திரியாவுக்குப் போய், அங்கே அந்தக் காலராவுக்கே பலியானார். அப்போது அவருக்கு வயது 27.

காய்ச்சலில் சாகாமல் தப்பிய பன்றிகளைக் கவனித்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். சில வாரங்கள் கழித்து அவை நொண்டின. முழங்காலும் கணுக்காலும் வீங்கின. வேறு சிலவற்றில் கிருமி இதயத்தின் வால்வுகளில் போய் உட்கார்ந்தது. நொண்டிய பன்றியின் மூட்டைத் திறந்து பார்த்தால், உட்சவ்வு தடித்துச் சிறு சிறு விரல்கள் போல் வளர்ந்திருந்தது. இரத்தத்தின் வெள்ளணுக்கள் அங்கே கூட்டமாக வந்து தங்கியிருந்தன. அந்தத் தடித்த சவ்வு குருத்தெலும்பின் மேல் படர்ந்து அதை அரித்துக்கொண்டிருந்தது. மனிதனுக்கு வரும் முடக்குவாதத்தில் மூட்டுக்குள் நடப்பது என்ன என்று டாக்டர்களைக் கேட்டால், ஏறக்குறைய இதையே வருணிப்பார்கள்.

அதைவிட வியப்பான செய்தி ஒன்று. நாட்பட்ட நிலையில் அந்த மூட்டு நீரை எடுத்து வளர்த்துப் பார்த்தால், பல மூட்டுகளில் உயிருள்ள கிருமி அகப்படவில்லை. கிருமி போய்விட்டது, ஆனால் வீக்கம் போகவில்லை. மூட்டு மேலும் மேலும் கெட்டுக்கொண்டே போயிற்று. செத்த கிருமியின் துணுக்குகள் மூட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருந்து, உடம்பின் காவல் படையை ஓயாமல் சீண்டிக்கொண்டே இருக்கின்றன என்று அறிஞர்கள் கருதினார்கள். கோவில்பட்டிப் பக்கத்தாருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. குச்சி எரிந்து சாம்பலாகிவிட்டது, கூரை இன்னும் எரிகிறது. 2006-இல் நம் மாநிலத்தில் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டும் மூட்டு வலி மாதக்கணக்கில் விடாமல் படுத்தியதை நம்மில் பலர் அனுபவித்தே இருக்கிறோம். அது வைரஸ், இது பாக்டீரியா. ஆனாலும் வந்தவன் போனபின் சண்டை தொடர்வது என்ற வகையில் இரண்டும் ஒன்றையொன்று நினைவூட்டுகின்றன.

ஆகவே 1970-களில் இங்கிலாந்திலும், ஜெர்மனியில் ஹனோவர் நகரத்துக் கால்நடைக் கல்லூரியிலும் அறிஞர்கள் இந்தப் பன்றி நோயை முடக்குவாதத்தின் மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். எலி, முயல் முதலிய சிறு பிராணிகளுக்கும் மூட்டு நோயை உண்டாக்கலாம். ஆனால் பன்றியின் மூட்டு பெரியது; உடல் பாரத்தைச் சுமப்பது; அந்த நோய் அதற்குத் தானாகவே வருவது. இவ்வளவும் சேர்ந்தமைவது அபூர்வம்.

மாதிரி என்பது அசல் ஆகிவிடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பன்றியிடம் கிருமி இன்னதென்று தெரியும். மனித முடக்குவாதத்துக்கு இன்ன கிருமிதான் காரணம் என்று யாரும் இதுவரை நிரூபித்ததில்லை. உடம்பு தன்னையே எதிரியாக எண்ணித் தாக்கிக்கொள்ளும் வியாதி அது என்பதும், பரம்பரை, புகைபிடித்தல் போன்றவற்றுக்கு அதில் பங்குண்டு என்பதும் இன்றைய வைத்திய முடிவு. வயது வந்தவர்களில் 200 பேருக்கு ஒருவர் முதல் 100 பேருக்கு ஒருவர் வரை இதற்கு ஆளாகிறார்கள், பெண்களுக்கே அதிகம். இன்றைய ஆராய்ச்சியில் பெரும் பகுதி எலிகளிடமும் மனிதர்களிடமிருந்தே எடுத்த மூட்டுச் சவ்விலும் நடைபெறுகிறது. பன்றி தந்தது ஒரு பாடம். மூட்டைக் கெடுப்பதற்குக் கிருமி அங்கே கடைசி வரை உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்ற பாடம்.

கிருமிதான் காரணமாக இருக்கும் என்ற யூகம் பழையது. அந்த யூகம் முழுதும் பலிக்கவில்லை. ஆனால் பலனில்லாமலும் போகவில்லை. முடக்குவாதம் காசநோயைப் போன்றது என்று கருதிய பிரெஞ்சு டாக்டர் ஜாக் ஃபோரெஸ்தியே 1929-இல் தங்க உப்பு ஊசியைப் போட்டுப் பார்த்தார். சில நோயாளிகளுக்குக் குணம் தெரிந்தது. ஸ்வீடன் நாட்டுப் பெண் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ், கிருமியையும் கொல்ல வேண்டும், வீக்கத்தையும் தணிக்க வேண்டும் என்று இரண்டு மருந்துகளை ஒன்றாக இணைத்துச் சல்ஃபாசலஸைன் என்ற மருந்தை உருவாக்கச் செய்தார். தங்க ஊசி இன்று அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. சல்ஃபாசலஸைன் இன்றும் நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது.

இனி மகனின் கேள்விக்கு வருவோம். முடக்குவாதத்துக்கு டாக்டர்கள் முதலில் எழுதித் தரும் மெத்தோட்ரெக்ஸேட், சல்ஃபாசலஸைன், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆகிய மருந்துகள் ரசாயனச் சாலையில் செய்யப்படுபவை. அந்த மருந்துகள் பன்றியிடமிருந்து எடுக்கப்படுபவை அல்ல. (சந்தர்ப்பம் வந்ததால் ஒன்றைச் சொல்லிவைக்கிறோம்: முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுக்கப்படும்போது அதை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டு உயிருக்கு ஆபத்தை வரவழைத்துக்கொண்டவர்கள் உண்டு. வீட்டில் யாராவது ஒருவர் கிழமையைக் குறித்து வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுப்பது நல்லது.)

பன்றியின் உடலிலிருந்தே எடுக்கப்படும் மருந்துகளும் இருக்கவே செய்கின்றன. இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெபாரின் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. மனித இன்சுலின் 1982-இல் சந்தைக்கு வரும் வரை, சர்க்கரை நோயாளிகள் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுத்த இன்சுலினையே போட்டுக்கொண்டார்கள். இவற்றின் சட்டம் தனி. வேறு வழியில்லாத நெருக்கடி நிலையாகிய ளரூரத்துக்கு மேலே சொன்ன வசனங்களிலேயே இடம் உண்டு. ஒரு பொருள் முற்றிலும் வேறு பொருளாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறுமா என்ற ‘இஸ்திஹாலா’ பிரச்சினையை இமாம்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். 1995-இல் குவைத்தில் மருத்துவ அறிஞர்களும் உலமாக்களும் கூடி, மருந்திலும் உணவிலும் கலக்கும் நஜீஸான பொருள்களைப் பற்றி இதே அடிப்படையில் ஆராய்ந்தார்கள். அதையெல்லாம் இங்கே விரிக்கப் புகுந்தால் வேறொரு கட்டுரையாகிவிடும்.

நம் கேள்வி பொருளைப் பற்றியதல்ல, அறிவைப் பற்றியது. பன்றியின் நொண்டலைப் பார்த்து ஒருவன் கற்றுக்கொண்டான். அந்தக் கல்வி உம்மாவின் டாக்டருக்கு வந்து சேர்ந்தது. அறிவுக்கு நஜீஸ் கிடையாது. சேற்றில் கிடந்த திர்ஹத்தைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம். கல்விக்குக் கழுவுதலும் தேவையில்லை. காபில் தன் சகோதரனின் உடலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, அல்லாஹ் ஒரு காகத்தை அனுப்பி மண்ணைத் தோண்டிக் காட்டச் செய்தான் என்று அல்மாயிதா அத்தியாயத்தில் படிக்கிறோம். காகத்தை நாம் உண்பதில்லை. ஆனால் மையித்தை அடக்கும் முறை முதன்முதலில் அதனிடமிருந்தே மனிதனுக்குக் கிடைத்தது. ஆகவே மகன் தாராளமாக உம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கலாம்.

இதோடு முடித்திருப்போம். ஆனால் மகன் இந்தக் கதையை உம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது வேறொன்று. “ஏன் வாப்பா, அதுக்கும் இப்படித்தானே வலிச்சிருக்கும்?” என்றாராம்.

நம்மில் பலருக்குத் தோன்றாத கேள்வி அது. நமக்குத் தோன்றாததற்குக் காரணமும் உண்டு. உண்ணக் கூடாது என்ற சட்டத்தை அருவருப்பாக மாற்றிக்கொண்டோம். அருவருப்பு நாளடைவில் அலட்சியமாக மாறிவிட்டது. தெருவில் போகும் பன்றியைப் பிள்ளைகள் கல்லால் அடித்தால் நாம் தடுப்பதில்லை. ஆட்டுக்குட்டியை அடித்தால் தடுக்கிறோம். விலக்கப்பட்டது அதன் இறைச்சி. அதன் வேதனை கணக்கில் சேராது என்று எந்த வசனத்திலும் இல்லை. எந்த ஹதீஸிலும் இல்லை.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி வருகிறது. ஈஸா நபி (அலை) அவர்கள் வழியில் ஒரு பன்றியைச் சந்தித்தபோது, அதை விரட்டாமல், சமாதானமாகப் போகும்படி கூறினார்கள். பன்றியிடமா இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் நாவு தீய சொல்லுக்குப் பழகிவிடுவதை அஞ்சுவதாகச் சொன்னார்கள். ஈஸா (அலை) அவர்கள் மீண்டும் இறங்கி வரும்போது பன்றியைக் கொல்வார்கள் என்ற ஹதீஸும் ஸஹீஹான கிரந்தங்களில் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. பன்றியை உண்பதும் வளர்ப்பதும் ஒழிக்கப்படும் என்பது அதன் கருத்து என்று ஹதீஸுக்கு விளக்கம் எழுதியவர்கள் கூறியிருக்கிறார்கள். கொல்வதென்றாலும்கூட, அழகிய முறையில் கொல்லுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு நிம்மதி கொடுங்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். கொல்வது வேறு, வதைப்பது வேறு. நாயோ பூனையோ உண்ணத் தகுந்த பிராணிகள் அல்ல. ஆயினும் தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியதற்காக மன்னிப்பும், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியில் சாகவிட்டதற்காக நரகமும் கிடைத்த வரலாறுகளை நாம் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம்.

ஷாஃபிஈ மத்ஹபின் மாமேதையான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 660-இல் கெய்ரோவில் மறைந்தவர்கள். மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை அவர்கள் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். பயன்தர இயலாமல் கிழடானாலும், நோய்ப்பட்டாலும் அதற்குத் தீனி போட வேண்டும், தாங்காத சுமையை ஏற்றக் கூடாது, துன்புறுத்தக் கூடாது. மேலை நாடுகளில் பிராணி வதைத் தடைச் சட்டம் வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய எழுத்து அது. அதற்கும் முன்னதாக, ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், பஸ்ராவைச் சேர்ந்த இக்வானுஸ் ஸஃபா என்ற அறிஞர் குழுவினர், பிராணிகள் எல்லாம் ஜின்களின் அரசனிடம் மனிதன் மீது வழக்குத் தொடுப்பதாக ஒரு கதை எழுதினார்கள். அந்த வழக்கு மன்றத்தில் பன்றிக்கும் பேச இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

அப்படியானால் பிராணிகளைக் கொண்டு ஆராய்வதே கூடாதா? அவ்வாறு சொல்வதற்கும் இடமில்லை. நம் முன்னோர்களான ஹகீம்கள் அதைச் செய்திருக்கிறார்கள். ஸெவில் நகரத்து இப்னு ஸுஹ்ர், மனிதனின் மூச்சுக் குழாயைக் கீறித் திறக்கலாமா என்பதை அறிய, முதலில் ஓர் ஆட்டுக்குச் செய்து பார்த்து, புண் ஆறும் வரை வைத்துப் பராமரித்தார். அர்ராஸீ, பாதரசத்தை ஒரு குரங்குக்குக் கொடுத்துப் பார்த்தார். அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்ததையும் மறைக்காமல் எழுதி வைத்தார். இந்த இரண்டு சம்பவங்களிலும் நமக்குப் பிடித்தது, பிராணிக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கவனித்த கண்.

பன்றியின் மூட்டு ஆராய்ச்சியில் இரண்டு வகை இருந்தது. பண்ணையில் தானாக நோய் கண்டு நொண்டிய பன்றியைப் பரிசோதிப்பது ஒன்று. அறுப்புக் கூடத்தில் அதன் மூட்டைத் திறந்து பார்ப்பது இதில் அடங்கும். நல்ல ஆரோக்கியமான குட்டியைப் பிடித்து, அதன் இரத்தக் குழாயில் உயிருள்ள கிருமியைச் செலுத்தி, நொண்ட வைத்து, மாதக்கணக்கில் அப்படியே வைத்துப் பார்ப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே பெயரில் ஏடுகளில் இடம்பெறுகின்றன. ஆனால் நாளை ரப்பின் முன் நிற்கும்போது இரண்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியுமா? முதலாவதில் அல்லாஹ்வின் நாட்டத்தால் வந்த நோயிலிருந்து மனிதன் படிப்பினை பெறுகிறான். இரண்டாவதில் நோயை வரவழைத்தவன் மனிதன். ஆகவே அந்த ஜீவனின் ஒவ்வொரு நாள் நொண்டலுக்கும் அவன் பொறுப்பாளி.

இரண்டாவது வகை அடியோடு ஹராம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் துணியவில்லை. அது முஃப்திகளின் வேலை. ஆனால் அந்த வாசலில் ளரூரத்து என்ற சொல்லை உச்சரித்தவுடன் கதவு முழுவதும் திறந்துவிடுகிறது என்று நினைப்பது சரியல்ல. நெருக்கடி எவ்வளவோ அவ்வளவுக்கே சலுகை என்பது ஃபிக்ஹின் விதி. பசியால் சாகும் நிலையில் இருப்பவன் உயிர் தரிக்கும் அளவுக்கு உண்ணலாம். வயிறு நிரம்ப உண்பதையே பல இமாம்கள் அனுமதிக்கவில்லை. அந்த அளவுகோலை ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். முன்பே தெரிந்ததை மறுபடி ஒரு பட்டத்துக்காகச் செய்து பார்ப்பது நெருக்கடியா? ஐந்து குட்டிகளில் தெரிந்துவிடுவதை ஐம்பதில் செய்வது? வலி தணிக்கும் மருந்து கையில் இருக்க, முடிவு மாறிவிடும் என்று சொல்லிக் கொடுக்காமலிருப்பது? இந்தக் கடைசிக் கேள்வி கடினமானது. சில வேளைகளில் வலி மருந்து வீக்கத்தையும் தணித்துவிடும் என்பதால் ஆராய்ச்சியே பாழாகும் என்பது உண்மை. அப்படிப்பட்ட ஆராய்ச்சியை எந்த நாளில் நிறுத்திக்கொள்வது, எந்த நிலை வந்தால் அந்த உயிரை வேதனையிலிருந்து விடுவித்துவிடுவது என்று தொடங்குமுன்பே எழுதி வைக்க வேண்டும் என்று இன்றைய விதிகள் கேட்கின்றன. மனிதனுக்கு மனம் மாறும். எழுதி வைத்தது மாறாது.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் இதற்கு அடிப்படை. சென்னைக் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்கள் அவையில் பாடுபட்டதன் விளைவு அது. ஆராய்ச்சிகளை மேற்பார்வையிட ஒரு குழு அமைக்கவும் அதில் வழி செய்யப்பட்டது. 1998-இல் விரிவான விதிகளும் வந்தன. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கில அறிஞர்கள், பிராணிக்குப் பதில் வேறு வழி தேடுவது, எண்ணிக்கையைக் குறைப்பது, வேதனையைக் குறைப்பது என்ற மூன்றையும் வலியுறுத்தி எழுதியதுதான் உலகெங்கும் இன்று நடைமுறையில் உள்ளது. அவர்கள் ஃபிக்ஹு படித்தவர்களல்லர். ஆனாலும் ‘நெருக்கடி எவ்வளவோ அவ்வளவே’ என்ற இடத்துக்குத்தான் அவர்களும் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பார்ப்பதுதான் நியாயம். இந்த ஆராய்ச்சியால் பன்றிக்கும் பலன் கிடைத்தது. பாஸ்டரின் தடுப்பூசிக்குப் பின் மேலும் சிறந்த தடுப்பூசிகள் வந்தன. ஆரம்பத்திலேயே பென்ஸிலின் போட்டால் காய்ச்சல் கேட்கிறது. மேலும் அந்தக் கிருமி பன்றியோடு நிற்பதில்லை. செம்மறிக் குட்டிகளுக்கும் அதே கிருமி மூட்டு வீக்கத்தைத் தருகிறது; வான்கோழிகளைக் கொல்கிறது; மீனின் மேலுள்ள வழுவழுப்பில் மீனுக்குத் தீங்கு செய்யாமலே குடியிருக்கிறது. மீன் சுத்தம் செய்பவர்களுக்கும் கறிக்கடை பாய்மார்களுக்கும் கையில் முள்ளோ எலும்போ குத்திய இடத்தில், இரண்டொரு நாளில் விரல் ஊதா கலந்த சிவப்பாக வீங்கிக் கடுமையாக வலித்தால், டாக்டரிடம் தொழிலைச் சொல்லிக் காட்ட வேண்டும். தொழிலைச் சொல்லாவிட்டால் அவருக்கு இந்தக் கிருமி நினைவுக்கு வராமல் போகலாம். பென்ஸிலினில் குணமாகிவிடும் நோய் அது. அபூர்வமாகச் சிலருக்கு இதயம் வரை போவதுண்டு. ‘கின்ஸீர் நோய்தானே, நமக்கென்ன’ என்று ஒதுக்கிவிட முடியாதபடி அல்லாஹ் படைப்புகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கிறான். பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்துள்ள அல்அன்ஆம் 38-வது வசனத்தை ஓதும்போது, அந்தச் சமுதாயங்களின் பட்டியலில் நாம் வெறுக்கும் பிராணி மட்டும் விடுபட்டிருப்பதாக எந்த முஃபஸ்ஸிரும் சொல்லவில்லை.

இதை ஒட்டி நம் வீடுகளுக்கு நேரடியாக வந்துவிட்ட ஒரு விஷயம் உண்டு. திருநெல்வேலி அருகே இராமையன்பட்டியில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012-இல் தொடங்கப்பட்டது. நம் பிள்ளைகளும் கால்நடை மருத்துவம் படிக்கச் செல்கிறார்கள். பெண் பிள்ளைகளும் செல்கிறார்கள். அந்தப் படிப்பில் பன்றியைப் பற்றியும் பாடம் உண்டு, செய்முறையும் உண்டு. “அந்தப் பாடத்துக்கு மட்டும் போகாதே” என்று சொல்லும் பெற்றோரை நாம் சந்தித்திருக்கிறோம். அவர்களுடைய பேணுதலை மதிக்கிறோம். ஆனால் மார்க்கம் அவ்வாறு கேட்கவில்லை. கையும் காய்ந்து, பிராணியின் உடலும் காய்ந்திருந்தால் நஜீஸ் ஒட்டுவதில்லை. ஈரம் இருந்தால், ஷாஃபிஈ மத்ஹபில் நாய்க்குரிய சட்டத்தைப் போலவே ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த தண்ணீராக இருக்க வேண்டும். ஒருமுறை கழுவினாலே போதும் என்பதே ஆதார ரீதியில் வலுவானது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களே ஓரிடத்தில் கூறியிருக்கிறார்கள். எனினும் மத்ஹபின் நடைமுறை ஏழுதான். ஹனஃபிகள் மற்ற நஜீஸைப் போல் மூன்று முறை கழுவிக்கொள்வார்கள். உயிரோடிருக்கும் பிராணி எதுவாயினும் அதன் உடல் சுத்தமே என்பது மாலிகி மத்ஹபு. கையுறை போட்டுக்கொண்டால் இந்தப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தே போகிறது.

கழுவினால் தீர்ந்துபோகும் ஒன்றுக்காக, நோயுற்ற ஓர் உயிரைப் பரிசோதிக்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பைப் பிள்ளைகள் ஏன் விட வேண்டும்? ஈரமுள்ள ஈரலைக் கொண்ட எந்த ஜீவனுக்கு உபகாரம் செய்தாலும் கூலி உண்டு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, இன்ன இன்ன ஜீவனைத் தவிர என்று கூறவில்லை. நொண்டி நிற்கும் பன்றிக்கு எந்த மூட்டில் நோய் என்பதைத் தூரத்தில் நின்று சொல்லிவிட முடியாது. காலைப் பிடித்து, மூட்டை மடக்கி நீட்டி, எங்கே சூடு இருக்கிறது, எந்த இடத்தில் தொட்டதும் காலை இழுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு வரும் பெண்ணுக்கு வீட்டில் இன்னொரு வாளித் தண்ணீரும், கொல்லையிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணும் எடுத்து வைத்தால் போதும்.